தபால்பெட்டி பத்தாயமான கதை

எங்கள் பாட்டனார் காலத்து வீடுகளில், கூடத்துத் தூணில் அடித்த ஆணி ஒன்றில், அடியில் சிறு மரவட்டமும் நுனியில் கொக்கியுமாக வளைந்த கம்பி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கார்டுகளும் கவர்களும், வீட்டில் எழுத்து வாசனை உள்ளவர் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டு முடித்த பிறகு, அந்தக் கம்பியில் குத்தப்பட்டு, வருஷக் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். கலியாணச் செய்தி, கடன் பாக்கி, நிலத் தகராறு, பிரசவ விவரம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சாவுச் செய்தி தாங்கி வந்த கடிதத்துக்கு மாத்திரம் இடம் கிடையாது, படித்த கையோடு அதைக் கிழித்து வாசலுக்கு வெளியே எறிந்துவிடுவார்கள். கம்பி நிறைந்துபோனால் எல்லாவற்றையும் உருவி, வேண்டியதைப் பெட்டியில் வைத்து, வேண்டாததை வெந்நீர் அடுப்பில் போடுவார்கள். எதைக் காப்பது, எதைக் கிழிப்பது, எதை எரிப்பது என்ற விவகாரம் அத்தனையும் வீட்டின் நான்கு சுவர்களுக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்ததோடு தபால் இலாகாவின் பாத்தியதை முடிந்தது, அதன் பிறகு அந்தத் தாள் எங்கே கிடக்கிறதென்று அதற்குத் தெரியவும் தெரியாது.

மின்னஞ்சலும் ஆரம்பத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து வலையமைப்பின் வழியே இன்னொரு கணிப்பொறிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டி, ஆளின் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் நடுவே சுழித்த ‘அட்’ குறியை நாட்டிவைத்த நாள் தொட்டு ஏறக்குறையக் கால் நூற்றாண்டு வரையில், சாமானிய உபயோகிப்பாளருக்கு நடுவழியிலிருக்கும் கணிப்பொறி ஒரு தங்குமடமாகவே இருந்தது. கடிதம் அங்கே வந்து இறங்கும். உரியவர் தம் வீட்டு இயந்திரத்தைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து அதைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டதும், பெரும்பாலும் மடத்திலிருந்து அதன் சுவடு துடைக்கப்பட்டுவிடும். அந்நாளில் வட்டுகளின் விலை அதிகம். பிறருடைய கடிதங்களைச் சேர்த்துவைத்துப் பராமரிக்க எந்த மடாதிபதிக்கும் விருப்பமில்லை.

அந்த மடத்தை நிரந்தர வாசஸ்தலமாக மாற்றிய முயற்சி, வேடிக்கை என்னவென்றால், அந்தரங்கத்தின்மேல் எழுந்த ஆசையிலிருந்தே பிறந்தது. பெங்களூரில் வளர்ந்து கலிபோர்னியாவுக்குப் படிக்கச் சென்ற சபீர் பாட்டியாவும் அவருடைய சகா ஜாக் ஸ்மித்தும், உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொந்தத் தொழில் தொடங்குவது பற்றிக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள விரும்பினார்கள். அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் முதலாளியின் கண்ணில் படும், வெளிக் கணக்குக்குப் போகலாமென்றால் அலுவலகத்தின் தடுப்புச் சுவர் வழிவிடாது. எந்த ஊரில், எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலும், இணையப் பக்கங்களைத் திறக்கும் சாதாரண உலாவியைக் கொண்டே நம் கடிதங்களை நாம் படிக்கலாமே என்ற யோசனை அந்த நெருக்கடியில் உதித்தது. 1996 ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினமாகப் பார்த்து அவர்கள் தொடங்கிய ஹாட்மெயில், 1997 டிசம்பரில் சுமார் 40 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் வசமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் யாஹூ நிறுவனமும் வேறொரு கம்பெனியை அதன் ராக்கெட்மெயிலோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, தானும் இலவசத் தபால்பெட்டி திறந்தது. முதலாளியின் பார்வைக்குத் தப்ப வேண்டுமென்று எழுந்த யோசனை, இரண்டே வருஷத்துக்குள், கோடிக்கணக்கானோரின் கடிதங்களை இரண்டு பெரிய முதலாளிகளின் கொட்டகைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இலவசம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஹாட்மெயில் இலவசம், ஆனால் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் காலடியிலும் அதன் விளம்பரம் ஒரு வரி ஒட்டிக்கொண்டு போகும். இடமும் தாராளமாக இல்லை. ஹாட்மெயிலில் 2 மெகாபைட், யாஹூவில் 4 மெகாபைட். முன்னது ஒரு ஃப்ளாப்பித் தகட்டில் அடங்குவதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பூட்டும் அப்படியொன்றும் பலமாக இல்லை என்பது 1999 ஆகஸ்டு மாதக் கடைசியில் வெளியாயிற்று. சுவீடன் தேசத்துப் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்திய அந்தக் குறைபாட்டின்படி, ‘ஏ’ என்று கூப்பிடுவதுபோல் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துகளைக் கடவுச்சொல்லாகக் கொடுத்து, எவருடைய ஹாட்மெயில் பெட்டியையும் எவரும் திறந்துவிட முடிந்தது. சில மணி நேரத்தில் அதைச் சரிசெய்தார்கள் என்றாலும், சாவி நம் கையில் இருப்பதாக நினைப்பது வேறு, பூட்டு நம்முடையதாக இருப்பது வேறு என்பதை அன்று பலர் கவனித்திருக்கலாம். கவனித்தவர்களும் மறுநாள் அதே பெட்டியைத்தான் திறந்தார்கள்.

கடிதத்தோடு கோப்பை இணைத்து அனுப்பும் வசதி இந்தக் கதைக்கு மிகவும் முக்கியமானது. மின்னஞ்சல் என்பது அடிப்படையில் ஆங்கில எழுத்துகளை மாத்திரம் சுமக்கப் பிறந்த வண்டி. படமும் பாட்டும் அதில் ஏறாது. நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர் 1992-இல் வகுத்த விதிமுறைதான், எந்தக் கோப்பையும் எழுத்துகளாக உருமாற்றி அந்த வண்டியில் ஏற்றிவிட வழி செய்தது. போரன்ஸ்டைன் அதை நிரூபித்துக் காட்ட அனுப்பிய முதல் இணைப்புகள், அவரும் நண்பர்களும் நால்வராகச் சேர்ந்து பாடிய பாட்டும், அந்தக் குழுவின் படமும். உருமாற்றத்துக்கு ஒரு கூலி உண்டு: மூன்று பங்கு சரக்கு, எழுத்தாக மாறும்போது நான்கு பங்காகப் பெருத்துவிடும். மூன்று மரக்கால் நெல் நான்கு மரக்கால் இடத்தை அடைக்கும் பத்தாயத்தை எந்த மிராசுதாரும் கட்டமாட்டார். ஆயினும் ஜனங்கள் அதிலேதான் நெல்லைக் கொட்டத் தலைப்பட்டார்கள். ஏனென்றால் பத்தாயத்துக்கு வாடகை கிடையாது, எந்த ஊரிலும் அதன் கதவு திறக்கும்.

நம் ஊர்களில் இந்த வழக்கம் வேரூன்றிய இடம் பிரவுசிங் சென்டர். 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டாலும், சொந்தக் கணிப்பொறி வைத்திருந்த வீடுகள் மிகச் சில. ஆகவே பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள், பஸ் நிலையத்தை ஒட்டிய மாடியில், தடுப்புப் பலகைகளுக்கு நடுவே, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தங்கள் பயோடேட்டாவைத் தட்டச்சு செய்தார்கள். தட்டச்சு செய்ததை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கடைக் கணிப்பொறியில் விட்டுப்போனால் நாளைக்கு இருக்காது, இருந்தால் யார் கையிலாவது இருக்கும். ஃப்ளாப்பியில் எடுத்துப் போகலாமென்றால் வைரஸுக்குப் பயந்து கடைக்காரர் அதன் வாயை அடைத்து வைத்திருப்பார். எடுத்துப்போன ஃப்ளாப்பியும் சட்டைப் பையின் வியர்வையில் இரண்டு நாளில் உயிரை விடும். ஆகவே, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாமலே, ஊருக்கு ஊர் ஒரே யுக்தி பரவிற்று: அனுப்புநரும் தாமே, பெறுநரும் தாமே என்று தன் விலாசத்துக்குத் தானே கடிதம் எழுதிக் கோப்பை அதில் இணைத்துவிடுவது. தனக்குத்தானே கடிதம் போட்டுக்கொள்ளும் மனிதனைக் கண்டால் பழைய தபால்காரர் வைத்தியரிடம் போகச் சொல்லியிருப்பார்.

அந்தரங்கம் பற்றிய கவலை அந்தக் கடைகளில் வேறு ரூபத்தில் இருந்தது. கலிபோர்னியாவிலிருக்கும் கம்பெனி நம் கடிதத்தைப் படிக்குமோ என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. வெளியேறும் பொத்தானை அமுக்க மறந்து எழுந்துவிட்டால், அடுத்த நாற்காலிக்காரர் அப்படியே உள்ளே உட்கார்ந்துவிடுவாரே என்பதுதான் பயம். நான் பறிகொடுத்தது அப்படியும் அல்ல. ஓர் இலவசப் பெட்டியில் நான்கைந்து வருஷத்துக் கட்டுரைப் பிரதிகளை எனக்கே அனுப்பிச் சேர்த்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லாமல் சில மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோது, இத்தனை நாள் வராதவரின் பெட்டியைக் காலி செய்துவிடுவது எங்கள் விதி என்று பணிவாக ஓர் அறிவிப்பு இருந்ததே ஒழிய, கட்டுரைகள் இல்லை. கணக்குத் தொடங்கிய அன்று சம்மதம் என்ற இடத்தைத் தட்டியபோது அந்த விதிக்கும் சேர்த்தே நான் தலையாட்டியிருக்கிறேன். யாரைக் கோபித்துக்கொள்வது?

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி கூகுள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தபோது, பத்திரிகைக்காரர்களில் பலர் அதை முட்டாள்தினப் பரிகாசம் என்றே எண்ணினார்கள். அதற்குத் தேதி ஒரு காரணம். அறிவிக்கப்பட்ட அளவு அதைவிடப் பெரிய காரணம். ஒரு கிகாபைட், அதாவது ஹாட்மெயில் கொடுத்ததைப்போல் 500 மடங்கு, காசில்லாமல்! பால் புக்கைட் என்ற பொறியியலாளர் 2001-இல் தொடங்கி, ‘காரிபூ’ என்ற மறைபெயரில் வளர்த்துவந்த இந்தச் சேவை, ஆரம்ப நாட்களில், கம்பெனிக்குள் வேறெவரும் வேண்டாமென்று ஒதுக்கிய 300 பழைய கணிப்பொறிகளின் மீது ஓடிற்று. ஆகவே எல்லோரையும் உள்ளே விட முடியாமல், ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் வரலாம் என்று வைத்தார்கள். அந்த அழைப்புகள் ஏலக் கடையில் விலைபோயின என்பதும், எனக்கொன்று கொடுங்கள் என்று படித்தவர்கள் கூச்சமில்லாமல் கேட்டு நின்றார்கள் என்பதும் இன்று நம்பச் சிரமமான விஷயங்கள். அழைப்பில்லாமல் எவரும் சேரலாமென்ற நிலை 2007 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குள் போட்டி மூண்டு, யாஹூ 100 மெகாபைட்டாகவும் ஹாட்மெயில் 250 மெகாபைட்டாகவும் உயர்த்தின. கூகுளோ, 2005-இன் அதே முட்டாள்தினத்தில் 2 கிகாபைட்டுக்குத் தாவி, கணத்துக்குக் கணம் இடம் கூடிக்கொண்டே போவதாகக் காட்டும் ஓர் எண்பலகையை முகப்பில் ஓடவிட்டது. மழைக்காலத்து ஏரியில் தண்ணீர் ஏறுவதைக் கரையில் நின்று பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஜிமெயில் கொண்டுவந்த பெரிய மாறுதல் இடத்தின் அளவில் இல்லை. இனிமேல் நீங்கள் எதையும் அழிக்கவே வேண்டாம் என்று அது சொல்லிற்று. அடைப்பைச் சுத்தம் செய்து செய்து அலுத்த ஒரு பெண்மணியின் முறையீட்டிலிருந்தே இந்தச் சேவை பிறந்ததாக முதல்நாள் அறிக்கை கூறியது. அழிக்கும் பொத்தான்கூட ஆரம்பத்தில் எளிதாகக் கண்ணில் படும்படி இல்லை. வெந்நீர் அடுப்பை அணைத்துவிட்டு, இனி கம்பி நிறையவே நிறையாது என்று வீட்டுக்காரருக்கு உறுதி கொடுத்ததுபோல் ஆயிற்று. கிழிக்க வேண்டிய சாவுக் கடிதமும் அங்கேயே இருக்கும்.

காலி இடத்தைக் கண்டால் சரக்கை இறக்குவது மனித சுபாவம். ஜிமெயில் வந்த 2004 ஆகஸ்டிலேயே ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற நிரலாளர், லினக்ஸ் கணிப்பொறியில் ஜிமெயில் கணக்கை ஒரு வட்டுபோலவே காட்டும் ஜிமெயில்எஃப்எஸ் என்ற நிரலை வெளியிட்டார். சில மாதத்துக்குள் விண்டோஸ் உபயோகிப்போருக்காக பியார்க்க விக்சோ என்பவரின் ஜிமெயில் டிரைவ் வந்தது. கோப்பை அந்த வட்டின் சின்னத்தில் இழுத்துப் போட்டால், நிரல் அதை இணைப்பாக்கி, கோப்பின் பெயரையும் விவரத்தையும் கடிதத்தின் பொருள் வரியில் சங்கேதமாக எழுதி, உபயோகிப்பாளரின் விலாசத்துக்கே தபாலில் சேர்த்துவிடும்; திறக்கும்போது அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடியும் கோப்பாக்கிக் கொடுக்கும். கம்பெனி இதற்கு அங்கீகாரம் கொடுக்கவில்லை. அது தன் பக்கத்தின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் இந்த நிரல்கள் படுத்துக்கொள்ளும். ஒரே நாளில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றினால், நடமாட்டம் அசாதாரணமாக இருக்கிறதென்று கணக்கையே தற்காலிகமாகப் பூட்டிவிடுவதும் உண்டு. தபால்பெட்டிக்குள் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தவனைத் தபால் இலாகா தட்டியெழுப்பினால் அது அநியாயமென்று சொல்லிவிட முடியாது.

எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. இலவசத்துக்கு ஈடாக ஜிமெயில் கேட்டது, கடிதத்தின் பக்கத்தில் அதன் விஷயத்துக்குப் பொருத்தமான விளம்பரம் காட்டும் உரிமை. அதற்காக ஒவ்வொரு கடிதத்தின் உள்ளடக்கத்தையும் இயந்திரம் வாசிக்கும். அறிவிப்பு வெளியான ஒரே வாரத்துக்குள், ஏப்ரல் 6-ஆம் தேதி, அந்தரங்க உரிமைக்காகப் பாடுபடும் 31 அமைப்புகள் சேர்ந்து, இந்தச் சேவையை நிறுத்திவைக்கும்படி கூகுளின் ஸ்தாபகர்களுக்குக் கடிதம் எழுதின. வாசிப்பது இயந்திரந்தானே, மனிதர் இல்லையே என்ற சமாதானத்தை அவை ஏற்கவில்லை; கணக்கு வைத்திருப்பவர் சம்மதித்திருக்கலாம், அவருக்கு வெளியிலிருந்து கடிதம் எழுதுகிறவர் எப்போது சம்மதித்தார் என்று கேட்டன. கலிபோர்னியா சட்டசபையின் மேலவை அங்கத்தினர் லிஸ் ஃபிகரோவா அம்மையார் கொண்டுவந்த மசோதா, மே மாதத்தில் மேலவையில் நிறைவேறி, கீழவையில் உயிர்விட்டது. அந்நாளைய கூச்சல் முழுவதும் விளம்பரத்தைச் சுற்றியே எழுந்ததென்றாலும், அந்த 31 அமைப்புகளின் கடிதத்தில் இன்னொரு ஆக்ஷேபமும் இருந்தது. என் அபிப்பிராயத்தில் அதுவே கனமானது. நீக்கிய கடிதத்தின் பிரதிகள் நீக்கிய பிறகும் சில காலம் எங்கள் இயந்திரங்களில் தங்கியிருக்கலாம் என்று கம்பெனியின் விதியிலேயே எழுதியிருந்தது. காலவரையின்றிச் சேர்த்துவைப்பது என்ற வழக்கம் ஆரம்பமாகிவிட்டால், படிக்க விரும்புகிறவர் கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவை எச்சரித்தன.

அந்த எச்சரிக்கையின் அர்த்தம் விளங்க, அமெரிக்காவின் 1986-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும். உறையிட்டு ஒட்டிய கடிதம் தபாலில் போய்க்கொண்டிருக்கும்போதும் வீட்டுக்குள் இருக்கும் கடிதத்துக்குச் சமமானது, நீதிபதியின் வாரண்ட் இல்லாமல் அரசாங்கம் அதைப் பிரிக்கலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தது. மின்னஞ்சலுக்கென்று 1986-இல் சட்டம் செய்தவர்கள், தங்குமடக் காலத்து வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, 180 நாளுக்கு மேல் நடுவழிக் கணிப்பொறியில் கிடக்கும் கடிதம் உரியவரால் கைவிடப்பட்டதற்குச் சமம் என்று கருதிவிட்டார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு உட்பட்ட கடிதத்தைக் கேட்க வாரண்ட் வேண்டும்; அதற்கு மூத்ததைக் கேட்க, அதைவிட மிக எளிதில் கிடைக்கும் அழைப்பாணையே போதும். கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விடும் ஜனங்களுக்கு அது பாதகமில்லாத சட்டந்தான். ஆனால் 2004-க்குப் பிறகு மனிதர்கள் தங்கள் பெட்டியில் பல்லாண்டு விட்டுவைத்தவை எவை? வீட்டுப் பத்திரம், வருமான வரிக் கணக்கு, மருத்துவப் பரிசோதனை முடிவு, பள்ளிச் சான்றிதழ், குழந்தையின் முதல் படம். மிகவும் வேண்டுமென்று பத்திரப்படுத்தியவற்றையெல்லாம், வேண்டாமென்று எறிந்ததாக ஒரு சட்டம் எண்ணிக்கொண்டிருந்தது. ஊட்டச்சத்து மாத்திரை விற்ற வார்ஷக் என்ற வியாபாரியின் 27,000 மின்னஞ்சல்களை வாரண்ட் இல்லாமலே அரசாங்கம் வாங்கிப் படித்த வழக்கில், 2010 டிசம்பரில், ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அவற்றுக்கும் உறையிட்ட கடிதத்தின் பாதுகாப்பே உண்டு என்று தீர்ப்பளித்தபோதுதான் அந்த விபரீதத்துக்கு ஓர் அணை விழுந்தது. நம் நாட்டிலோ, 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டமே கடிதத்தை இடைமறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி.

கலிபோர்னியாவில் விளம்பரத்தைப் பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்த அதே 2004 ஏப்ரலில், சீன தேசத்தில் ஷி தாவ் என்ற பத்திரிகையாளர், தியானன்மென் சம்பவத்தின் பதினைந்தாம் ஆண்டு நினைவை எப்படிக் கையாள வேண்டுமென்று பத்திரிகைகளுக்கு மேலிடம் பிறப்பித்த உத்தரவைக் குறிப்பெடுத்து, தம் யாஹூ கணக்கிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். யாஹூ கொடுத்த கணக்கு விவரம் அவரைக் காட்டிக்கொடுத்தவற்றுள் ஒன்று. 2005-இல் அவருக்கு 10 வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2007 நவம்பரில் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணையில், யாஹூவின் ஸ்தாபகர் ஜெர்ரி யாங், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷி தாவின் தாயாரை நோக்கித் தலைகுனிந்தார். எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த இயந்திரத்திலிருந்து பெட்டி திறக்கப்பட்டது என்ற குறிப்பும் பெட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது. நாம் வைத்த சரக்கு நம் ஞாபகத்தில் இருக்கும், வைத்த வேளை பத்தாயத்தின் ஞாபகத்தில் இருக்கும்.

தபால்பெட்டியைக் கிடங்காக உபயோகிப்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அனுப்பவே அனுப்பாத கடிதம். இருவர் ஒரே கணக்கின் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதி வரைவுப் பகுதியில் விட்டுவிட, மற்றவர் வந்து படித்துவிட்டுப் பதிலை அங்கேயே எழுதிவைப்பது. கடிதம் எங்கும் பயணம் செய்யாதபடியால் வழியில் எவரும் மறிக்க முடியாது என்பது இதன் தத்துவம். இளைஞர்களும் பயங்கரவாதிகளும் கையாண்ட இந்த யுக்தியை, அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.யின் தலைவரே கையாண்டார் என்பது 2012 நவம்பரில் தெரியவந்தது. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்மணியோடு ஜெனரல் பெட்ரேயஸ் கொண்ட உறவு, ஜிமெயில் கணக்கு ஒன்றின் வரைவுப் பகுதியில் குடியிருந்தது; வேறொரு புகாரை விசாரிக்கப் புறப்பட்ட எஃப்.பி.ஐ. அதில் போய் இடறிற்று. அவர் பதவியை விட்டார். உலகத்து ரகசியங்களைக் காக்கும் உத்தியோகஸ்தருக்கே, ஓடாத கடிதம் நிற்கும் கடிதம் என்பதும், நிற்பதை ஆற அமரப் படிக்கலாம் என்பதும் தோன்றாமற்போயிற்று. மறுவருஷம் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களில், கூகுள் தன் கிடங்குகளுக்கு இடையே சரக்கை மாற்றிக்கொள்ளும் பாதையை அமெரிக்க வேவு இலாகா எப்படித் தொட்டுக்கொண்டது என்பதைக் காட்டும் கைவரைபடம் ஒன்று இருந்தது. பூட்டு கழலும் இடத்தில் வரைந்தவர் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தார். அந்த 2013-இலேயே திருடர்களும் யாஹூவுக்குள் புகுந்தார்கள். 300 கோடிக் கணக்குகளும், அதாவது இருந்தவை அத்தனையும், அதில் பாதிக்கப்பட்டன என்று கம்பெனி ஒப்புக்கொண்டது 2017-இல்.

இத்தனைக்கும் நடுவே கிடங்குக்காரர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். 2011 பிப்ரவரிக் கடைசியில், நிரல்பிழை ஒன்றால், ஜிமெயில் உபயோகிப்போரில் 0.02 சதவீதத்தினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் பெட்டி துடைத்துவைத்ததுபோல் காலியாக இருப்பதைக் கண்டார்கள். வெவ்வேறு கிடங்குகளிலிருந்த பிரதிகளும் அந்தப் பிழையால் போய்விட்டன. கடைசியில் கைகொடுத்தவை, மின்தொடர்பின்றித் தனியே அடுக்கிவைத்திருந்த காந்த நாடாச் சுருள்கள். அவற்றைச் சுழற்றிச் சுழற்றிக் கடிதங்களை மீட்டெடுத்தார்கள். அவ்வளவு ஜாக்கிரதையை எந்தக் குடும்பஸ்தரும் தம் வீட்டுப் பரணில் செய்துகொள்ள மாட்டார்.

பிற்பாடு கிடங்குக்கென்றே தனிக் கடைகள் வந்தன. 2007-இல் மைக்ரோசாஃப்டும், 2008-இல் டிராப்பாக்ஸும், 2012 ஏப்ரலில் கூகுள் டிரைவும் கடை விரித்தன. 2013-இல் தபால்பெட்டிக்கும் கிடங்குக்கும் பொதுவாக 15 கிகாபைட் என்று சேர்த்து அளந்துவிட்டபடியால், இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவரே இடிந்தது. விளம்பரத்துக்காகக் கடிதங்களை வாசிப்பதை நிறுத்துகிறோம் என்று 2017 ஜூனில் கூகுள் அறிவித்தபோது, பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய கூச்சலை நினைவு வைத்திருந்தவர்கள் சிலரே.

நம் ஊரில் மாத்திரம் பழைய வழக்கம் போகவில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரிலிருக்கும் எந்த ஜெராக்ஸ் கடைக்கும் போய்ப் பாருங்கள்: சுவரில் கொட்டை எழுத்தில் கடையின் மின்னஞ்சல் விலாசம் ஒட்டியிருக்கும். “அதுக்கு அனுப்பிடுங்க சார், பிரிண்ட் போட்டுடலாம்” என்பார் கடைப் பையன். ஆதார், பான், சாதிச் சான்றிதழ், மகளின் ஜாதகம், தகப்பனாரின் இறப்புச் சான்று எல்லாம் அந்த ஒரே விலாசத்துக்குப் போகின்றன. தாள் ஐந்து ரூபாய்க்கு வெளியே வருகிறது. கடிதத்தை அழிக்க எவருக்கும் நேரமில்லை. ஊர் முழுவதன் பூர்வோத்தரமும் ஓர் இலவசப் பெட்டியில், பையன்கள் மாறினாலும் மாறாத கடவுச்சொல்லின்கீழ், வருஷக் கணக்கில் குவிந்துகொண்டிருக்கிறது. மணியக்காரர் வீட்டு இரும்புப் பெட்டியில்கூட இவ்வளவு இருந்ததில்லை.

இரண்டு வருஷம் ஆள் நடமாட்டமில்லாத கணக்குகளை நீக்கிவிடுவதாக 2023 மே மாதத்தில் கூகுள் அறிவித்து, டிசம்பரிலிருந்து அதை அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்குச் சற்று முன்புதான் என் தமையனார் காலமாகியிருந்தார். அவருடைய கணக்கின் கடவுச்சொல் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதியிருந்தபடியால், வருஷந்தோறும் திதியன்று, சாப்பாடு முடிந்த பிறகு, அவர் பிள்ளை அதைத் திறந்துவிட்டு மூடிவைக்கிறான். முதல் தடவை திறக்கும்போது அவனுக்குக் கை வரவில்லை. “சித்தப்பா, பிறத்தியார் அப்பாவுக்கு எழுதினதெல்லாம் நாம பார்க்க வேணாம். அவரே அவருக்கு அனுப்பிக்கிட்டது மட்டும் பார்த்தாப் போதும்” என்றான். அண்ணியும் அதுதான் சரி என்றார். அப்படித் தமக்குத்தாமே அனுப்பிக்கொண்டவை பதினொன்று இருந்தன. பதினொன்றுக்கும் பொருள் வரியில் ஒரே சொல்லை, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் தம் வழக்கப்படி, ‘பத்திரம்’ என்று எழுதியிருந்தார். ஒன்றில் வீட்டுக் கிரயப் பத்திரம். ஒன்றில் வில்லங்கச் சான்று. மற்றவற்றில் எரிவாயு ரசீது, ரத்தப் பரிசோதனை, பேத்தியின் நாட்டிய அரங்கேற்றப் படம் என்று என்னென்னவோ. கடைசியாக அனுப்பியதில் எந்தக் கோப்பும் இல்லை. இணைக்க மறந்துவிட்டாரா, அல்லது சொல்ல வந்ததே அவ்வளவுதானா என்று எங்களால் நிச்சயிக்க முடியவில்லை. அதை மாத்திரம் அழித்துவிட வேண்டாம் என்று அண்ணி சொன்னார்.